ஒற்றை மோதிரங்களின் கல்யாணத் தரகர்

"என் கண்ணைக் கட்டி விடுங்க. விரலால தொட்டே எந்த மோதிரத்துக்கு எது ஜோடின்னு சொல்றேன். நான் சேர்த்து வெச்ச ஜோடியை எமனாலகூடப் பிரிக்க முடியாது!"

முன்சொங் மாவட்ட அருங்காட்சியகத்தின் ஆண்டு விழாச் சாப்பாட்டில், மூன்றாவது கிண்ணம் அரிசிக் கள்ளுக்குப் பிறகு, மெங் தொக்சூ இப்படிப் பிரகடனம் செய்தார். கேட்டவர்கள் மொத்தம் ஆறு பேர். சாப்பாட்டு நேரத்தில் மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்பதால் யாரும் மறுக்கவில்லை. யாரும் மறுக்காததால் அது உண்மையாயிற்று. உண்மையானதால், அவ்வருட ஆண்டறிக்கையில், கூரை ஒழுகுவதற்கு அடுத்த பத்தியில், நிறுவனத்தின் தனிச்சிறப்பாக அச்சேறியது.

மெங் அங்கே சேமிப்பறைக் காப்பாளர். நகைப் பிரிவு அவர் பொறுப்பு. குட்டையான மனிதர், பெரிய காதுகள், எப்போதும் வெள்ளைப் பருத்திக் கையுறை. கையுறையைக் கழற்றாமலே அவர் வேர்க்கடலை தின்பதைப் பார்த்தவர்கள் உண்டு.

எங்கள் பக்கத்தில் கல்யாணமானவள் ஒரே விரலில் இரண்டு மோதிரம் போடுவாள். இரண்டும் அச்சு அசலாக ஒன்று போலவே, தடிமனாக, பூவேலை ஏதும் இல்லாமல் இருக்கும். புருஷன் பெண்டாட்டியில் யார் முதலில் போகிறார்களோ, அவர்களோடு ஒன்று சவப்பெட்டிக்குள் போகும். மற்றது மிச்சமிருப்பவரிடம் தங்கும். கிழவன் மிச்சமிருந்தால் அதைத் தன் மேலாடை நாடாவில் முடிந்துகொண்டு திரிவான். அவனும் போன பிறகு பிள்ளைகளுக்கு அதை என்ன செய்வதென்று தெரியாது. கொண்டுவந்து அருங்காட்சியகத்தில் கொடுத்துவிட்டு நன்றிக் கடிதம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஆக, ஒற்றையாக வரும் ஒவ்வொரு மோதிரத்துக்கும் ஜோடி மண்ணுக்கடியில் இருக்கிறது. இது எங்கள் ஊரில் டிக்கெட் கிழிப்பவர் முதல் தோட்டத்துப் பூனை வரை எல்லோருக்கும் தெரியும். பதிவேட்டுக்கு மட்டும் தெரியாது. அதில் இரண்டே கட்டங்கள்: 'ஜோடி', 'குறையுள்ளது'. குறையுள்ளவை கூடினால் அருங்காட்சியகத்தின் தரம் இறங்கும், தரம் இறங்கினால் மானியம் இறங்கும். எனவே மெங் தன் பத்தொன்பது வருட உத்தியோகத்தில் முப்பத்தொரு ஜோடிகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். அளவு பார்ப்பார், நிறம் பார்ப்பார், பல்லில் மெல்லத் தட்டிப் பார்ப்பார். பிறகு சிவப்பு நூலால் இரண்டையும் கட்டி, சீட்டு எழுதிவிடுவார். யாரோ ஒருவருடைய பெண்டாட்டியின் மோதிரமும் வேறு யாரோ ஒருத்தியின் புருஷன் வைத்திருந்ததும் அன்று முதல் தம்பதிகள். சம்பந்தப்பட்டவர்கள் யாரும் புகார் கொடுக்க வரவில்லை என்பதே தன் திறமைக்குச் சான்று என்று மெங் நம்பினார்.

அந்தச் சமயம் பார்த்து, மணப்பெண் அணிகள் என்ற புதிய கூடத்தைத் திறக்க மாகாண கவர்னர் மனைவியோடு வருவதாகச் செய்தி வந்தது. கூடத்தின் நடுப்பெட்டியில் ஒரு வெள்ளை ஜேட் மோதிரம் இருந்தது. அருமையான கல், ஆனால் ஒற்றை.

இயக்குநர் பியோனுக்கு வியர்த்துவிட்டது. "மெங் ஐயா, கவர்னர் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வர்றாரு. நடுவுல ஒத்தை மோதிரத்தை வெச்சா, 'உங்க ரெண்டு பேருல யாருங்க முதல்ல?'ன்னு கேட்ட மாதிரி இருக்காது? நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எனக்கு ஜோடி வேணும்."

"கண்ணைக் கட்டிவிட்டாக்கூட..."

"கண்ணை எல்லாம் கட்ட வேணாம். நல்லாத் தொறந்து வெச்சுக்கிட்டே தேடுங்க."

மெங் பகல் முழுக்கத் தேடினார். ஒன்று மஞ்சளோடியது, ஒன்று அகலம், ஒன்று ஏற்கெனவே கல்யாணமானது. சாயங்காலம் வெறுங்கையோடு வீடு வந்தபோது அவர் மனைவி புன்ரே முற்றத்தில் முட்டைக்கோசுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். மோதிரங்களைக் கழற்றிக் கிணற்று மேடையில் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தாள். வெள்ளை ஜேட், இரண்டு. மெங் அவற்றைக் கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக உற்றுப் பார்த்தார்.

"ஒரே ஒரு நாள் புன்ரே. கவர்னர் காருல ஏறினதும் கொண்டாந்துடறேன்."

"ஒத்தை மோதிரத்தோட நான் சந்தைக்குப் போனா, மீன்காரி என்ன கேப்பா தெரியுமா? 'உங்க வீட்டுக்காரர் எப்பம்மா போனாரு?'ன்னு கேப்பா."

"காலைலதான் போனாரு, சாயங்காலம் வந்துடுவாருன்னு சொல்லு."

"திறமைசாலி! ஊருல உள்ள மோதிரத்துக்கெல்லாம் ஜோடி சேர்க்கறவரு, சொந்தப் பொண்டாட்டி விரல்ல இருக்கற ஜோடியைப் பிரிக்க வந்துட்டாரு."

திட்டிக்கொண்டே ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். உள்பக்கம் வருடக்கணக்கில் கிம்ச்சி ஊறுகாயின் மிளகாய்த்தூள் ஏறி ஒரு சிவப்புக் கோடு படிந்திருந்தது. மெங் கடமை தவறாதவர். மெல்லிய தூரிகையால் அரைமணி நேரம் தேய்த்து அந்தக் கோட்டைச் சுத்தமாக எடுத்துவிட்டார்.

கவர்னர் பதினோரு நிமிடம் இருந்தார். அதில் எட்டு நிமிடம் புகைப்படத்துக்கு. நடுப்பெட்டி முன் நின்று, "ரெண்டும் ஒரே கல்லுல வெட்டினதா?" என்று கேட்டார். மெங் குனிந்து, "ஒரே பாறையில பிறந்ததுங்க" என்றார். படம் பத்திரிகையில் வந்தது. அடுத்த மாதமே அந்த ஜோடி மாவட்டப் பண்பாட்டுச் செல்வம் எண் ஏழாக அறிவிக்கப்பட்டது. வெண்கலப் பலகை ஒன்றும் வைத்தார்கள்.

கவர்னரின் கார் போன மறுநாளே மெங் இயக்குநர் அறைக்குப் போயிருந்தார்.

"ஐயா, அந்த மோதிரம்... அது எங்க வீட்டுதுங்க."

"மெதுவாப் பேசுங்க. ஒரே பாறையில பிறந்ததுன்னு சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"அப்ப கவர்னர்கிட்ட பொய் சொன்னீங்களா, இல்ல இப்ப எங்கிட்ட பொய் சொல்றீங்களா? ரெண்டுல ஒண்ணை யோசிச்சுச் சொல்லுங்க. பதிஞ்சுக்கறேன்."

மெங் யோசித்தார். யோசித்தபடியே பன்னிரண்டு வருடம் போய்விட்டது.

வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. முன்பு புன்ரே எந்த வேலை செய்தாலும் இரண்டு மோதிரமும் உரசி 'கிண்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் அடுப்படியில் இருக்கிறாளா, கொல்லையில் இருக்கிறாளா என்று மெங் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். இப்போது சத்தம் இல்லை. திடீர் திடீரென்று முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாள், இவர் திடுக்கிடுவார். "உசுரோட இருக்கும்போதே பேயாக்கிட்டீங்க" என்பாள்.

ஒருமுறை அவள் டிக்கெட் வாங்கிக்கொண்டு தன் மோதிரத்தைப் பார்க்க வந்தாள். பெட்டி முன் நெடுநேரம் நின்றாள். வெளியே போகும்போது, "நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. வீட்டுல நான் இருக்கற எடத்துல இவ்வளவு வெளிச்சம் கிடையாது" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு ஓர் ஆகஸ்டு மாதம், ஆண்டறிக்கை வருடாவருடம் எச்சரித்த கூரை தன் வாக்கைக் காப்பாற்றியது. கூடத்தில் முழங்கால் தண்ணீர். பெட்டிகளை அவசரமாகக் காலிசெய்து எல்லாவற்றையும் இழுப்பறைகளில் கொட்டினார்கள். சிவப்பு நூல்கள் இற்றுப்போயின. சீட்டுகள் கூழாயின. முப்பத்தொரு கல்யாணமும் ஒரே வாரத்தில் ரத்து. வெள்ளை ஜேட் மோதிரங்கள் அனைத்தும் ஒரே தட்டில், ஒரே சீட்டின் கீழ் குடியேறின: 'வெள்ளை ஜேட் மோதிரம், 23.' நடுப்பெட்டியில் பண்பாட்டுச் செல்வம் எண் ஏழின் பிளாஸ்டிக் நகல் வைக்கப்பட்டது. அசலைவிட நன்றாக மின்னுவதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

"கலந்துபோச்சே மெங் ஐயா" என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

"கலக்கட்டுமே. என் கண்ணைக் கட்டி விட்டா..."

"தெரியும், தெரியும்."

போன குளிர்காலத்தில் புன்ரேவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிவிட்டார்கள். அவள் விரல் மெலிந்துவிட்டதால் மிச்சமிருந்த மோதிரம் நிற்கவில்லை. கழற்றி மெங்கின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒண்ணு என்கூட, ஒண்ணு உங்ககூட. அதான முறை? இருக்கறதே ஒண்ணு. இதை எனக்குப் போட்டா நீங்க வெறுங்கையா வந்து நிப்பீங்க. அங்க எத்தனை கிழவங்க இருப்பாங்க? நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"மூஞ்சியைப் பாத்து."

"இந்த மூஞ்சியையா? இதே மூஞ்சி நம்ம மாவட்டத்துல முந்நூறு இருக்கு."

"கொண்டாந்துடறேன் புன்ரே. சத்தியமா."

"பன்னெண்டு வருஷமா கவர்னர் காருல ஏறிக்கிட்டே இருக்காரு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். வலி விடவில்லை.

செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். கடமை தவறாத மெங் அன்றிரவே அவள் மோதிரத்தில் படிந்திருந்த சிவப்புக் கோட்டையும் தூரிகையால் தேய்த்து எடுத்து, மேலாடை நாடாவில் முடிந்துகொண்டார்.

சாவு வீட்டுக்கு இயக்குநர் பியோன் வந்தார். படத்துக்கு முன் இரண்டு முறை விழுந்து வணங்கினார். காரமான மாட்டிறைச்சிச் சூப்பில் இரண்டாவது கிண்ணம் முடியும்போது அவர் மனம் இளகிவிட்டது. ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"பெட்டிக்குள்ள வைக்கறது எப்ப?"

"நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குங்க."

"காலைல வாங்க, இழுப்பறையைத் தொறந்து விடறேன். உங்களுது எதுன்னு காட்டுங்க, எடுத்துட்டுப் போங்க. உங்களுக்கென்ன, தொட்டாலே தெரியுமே!"

மறுநாள் காலை, துக்கத்துக்கு உடுத்தும் முரட்டுச் சணல் ஆடையோடு மெங் சேமிப்பறையில் உட்கார்ந்தார். தட்டு வந்தது. கறுப்புத் துணியின் மேல் இருபத்து மூன்று வெள்ளை மோதிரங்கள். அவர் கையுறையைக் கழற்றினார். பணியில் சேர்ந்த பிறகு நாங்கள் அந்தக் கைகளைப் பார்த்தது அன்றுதான்.

மேலாடை நாடாவில் முடிந்திருந்த புன்ரேவின் மோதிரத்தை அவிழ்த்தார். முதலில் அளவு பார்த்தார். ஐந்து மோதிரங்களை ஒதுக்க முடிந்தது. நிறம் பார்த்ததில் இன்னும் நான்கு போயின. மிச்சம் பதினான்கையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்பக்கம் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று தேடினார். கோடு எதிலும் இல்லை. அதை எடுத்தவர் யாரென்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும், தூரிகை பிடிக்கும் விரல்களைச் சணல் ஆடையில் துடைத்துக்கொண்டார்.

பிறகு சத்தம். கண்ணை மூடிக்கொண்டு, கையிலிருந்த மோதிரத்தால் ஒவ்வொன்றையும் தட்டினார்.

கிண்.

அடுத்தது. கிண்.

அடுத்தது. கிண். பதினான்கும் அதே சத்தம். அடுப்படியில் ஒருத்தி, கொல்லையில் ஒருத்தி, கிணற்று மேடையில் ஒருத்தி என்று அந்தச் சிறிய அறை முழுக்கப் புன்ரே நடமாடினாள். மெங் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ஏழாவதும் பதினோராவதும்தான் சந்தேகம் என்று முணுமுணுத்தார். இரண்டையும் ஒன்றோடொன்று தட்டிப் பார்க்க இரண்டு கையும் தேவைப்பட்டது. அதற்காகக் கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார், ஒரு நொடிதான். தட்டினார். கேட்டார். திருப்தியில்லாமல் இரண்டையும் கீழே வைத்தார். மறுபடி புன்ரேவின் மோதிரத்தை எடுக்கக் கையை நீட்டினார்.

கை தட்டின் மேல் அப்படியே நின்றது.

"மெங் ஐயா, உங்க பொண்ணு போன்ல இருக்கு" என்று வாசலிலிருந்து டிக்கெட் கிழிப்பவர் கூப்பிட்டார். "எல்லாரும் காத்துட்டு இருக்காங்களாம். அப்பா எங்கன்னு கேக்குது."

இயக்குநர் மெல்ல இருமினார். "ஏதோ ரெண்டை எடுத்துட்டுப் போங்க ஐயா. உடைஞ்சுபோச்சுன்னு எழுதிக்கறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"வேற யாரோ ஒருத்தியோடதைப் போட்டு அனுப்பினா, அவ புருஷன் வந்து இவளைக் கூட்டிட்டுப் போயிடுவானுங்க." மெங் தலை நிமிரவில்லை. "இவளும் திட்டிக்கிட்டே போயிடுவா."

"அப்ப நீங்க கொண்டுவந்ததையாவது எடுங்க. இதுல எதுங்க அது?"

மெங்கின் கண்ணை யாரும் கட்டவில்லை. ஜன்னல் வழியே நல்ல வெயில். இருபத்து நான்கையும் இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார், வலமிருந்து இடமாக ஒருமுறை பார்த்தார். பிறகு கையை மெதுவாக இழுத்து, மேசைமேல் கிடந்த வெள்ளைக் கையுறைக்குள் விரல் விரலாக நுழைத்துக்கொண்டார்.