ராஜாவை விழுங்கிய எலியாக்கிம்

ஹாலோவே துறையில் எலியாக்கிம் டோன் வாயைத் திறந்தால், கடலில் வலை இழுத்துக்கொண்டிருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அப்படியொரு தொண்டை. அதைச் சும்மா விடுவானேன் என்று ஊர்ச்சபை அவர் கையில் ஒரு வெண்கல மணியைக் கொடுத்துத் தண்டோராக்காரர் ஆக்கிவிட்டது. காணாமல் போன பசு, ஏலத்துக்கு வந்த படகு, பாஸ்டனிலிருந்து இறங்கிய உப்பு, ஆளுநரின் ஆணை, எதுவானாலும் அவர் மணியடித்துத் தெருத்தெருவாகச் சொன்ன பிறகுதான் அது செய்தி. அவர் சொல்லாமல் யாரும் செத்ததாகக்கூட இந்த ஊர் ஒப்புக்கொள்ளாது.

சொல்லி முடித்ததும் ஒரு முத்தாய்ப்பு வைப்பார். "தேவன் ராஜாவைக் காப்பாராக!" அரசாங்க ஆணைகளுக்கு மட்டும்தான் அது கட்டாயம். எலியாக்கிம் பசுவுக்கும் சொல்வார், பன்றிக்கும் சொல்வார். அதைச் சொல்லாமல் மணியைக் கீழே வைக்க அவருக்குக் கை வராது. கேட்டு நிற்கும் ஆண்கள் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, பிறகு மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். ராஜா கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தார். அவர் நன்றாக இருக்கிறாரா என்பதைவிடப் பசு கிடைத்ததா என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

பிறகு காலம் கெட்டது. தேயிலைக்கு வரி, பாஸ்டன் துறைமுகத்துக்குப் பூட்டு, லெக்சிங்டனில் துப்பாக்கிச் சூடு. எலியாக்கிமின் ஒரே மகன் நேதன், சுவரில் தொங்கிய வேட்டைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போராளிகளோடு போய்விட்டான். ராஜாவின் சிப்பாய்கள் மகனைக் குறி பார்த்துக்கொண்டிருக்கும்போது, அப்பன் தெருமுனையில் நின்று அந்த ராஜாவைக் காப்பாற்றும்படி தேவனைக் கேட்டால் நன்றாகவா இருக்கிறது? ஊர்ப் பாதுகாப்புக் குழுவின் தலைவராக இருந்த கொல்லர் ஜேபெஸ் க்ரோவெல் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணே, இனிமே அந்தக் கடைசி வரி வேண்டாம்."

"வேண்டாம்னா விட்டுடறேன். ராஜா எனக்கு என்ன மாமனா மச்சானா?"

சொல்வது சுலபம். ஏறக்குறைய முப்பது வருஷமாக வாயில் குடியிருந்தவரைக் காலி செய்வது லேசான காரியமா? மனைவி மெஹிட்டபெல் தினமும் சமையலறையில் அவருக்குப் பயிற்சி கொடுத்தாள். பானையைத் தட்டி மணியடித்துவிட்டு, கரண்டியை ஓங்கியபடி நிற்பாள்.

"பசுவைக் காணோம்னு சொல்லுங்க."

"செவலைப் பசு ஒண்ணு காணாமப் போச்சு! கண்டவங்க சொல்லவும்! தேவன் ரா..."

கரண்டி கைவிரலில் விழும். "விழுங்குங்க! அப்படியே விழுங்குங்க!"

விழுங்கிப் பழகினார். அந்த இடம் வந்ததும் ஒரு இருமல் இருமி ராஜாவை உள்ளே தள்ளிவிடுவார். "இன்னிக்கும் ராஜாவுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று மீன் சந்தையில் சிரிப்பார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு பன்றி அவர் காலை வாரிவிட்டது. பன்றியைத் தேடித்தரச் சொல்லிவிட்டு, இரும மறந்து, ராஜாவையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். படகுத் துறையில் தார் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். இளவட்டங்கள் அந்தக் கொப்பரையைத் தூக்கப் போய்விட்டார்கள். ஜேபெஸ்தான் குறுக்கே நின்று தடுத்தார். "வயசான மனுஷன், இந்தத் தடவை விடுங்க. ஆனா அண்ணே, இதுதான் கடைசி. இன்னொரு வாட்டி ராஜா உங்க வாயிலேர்ந்து வந்தா, தாரும் கோழி இறகும்தான். என்னாலயும் தடுக்க முடியாது."

பக்கத்து ஊரில் ராஜாவின் சுங்கக்காரன் ஒருவனுக்குச் சுடச்சுடத் தார் பூசி, மேலே கோழி இறகை ஒட்டியதை எலியாக்கிம் கண்ணால் பார்த்திருந்தார். பிறகு அதைச் சுரண்டியபோது தோலும் சேர்ந்து வந்தது. அந்த மனிதன் போட்ட சத்தத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பேஷன்ஸ் ஹோவ்ஸைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சேற்றில் சிப்பி தோண்டிப் பிழைக்கும் விதவை. புருஷன் சேத் உயிரோடு இருந்த காலத்தில் அவளை அடிக்காத நாள் கிடையாது. காலம் கெடுவதற்கு முன்பு ஒருநாள் அவள் துணிமூட்டையோடு கிளம்பிப்போய் உப்புச் சதுப்பின் ஓரத்தில் ஒரு குடிசையில் இருந்துகொண்டாள். சேத் சும்மா இருப்பானா? 'என் பெண்டாட்டி பேஷன்ஸ் என் படுக்கையையும் பந்தியையும் விட்டு ஓடிவிட்டாள், அவளை நம்பி யாரும் எதுவும் கொடுக்கவேண்டாம்' என்று ஊரெங்கும் தண்டோரா போடச் சொல்லிவிட்டான். அப்படிச் சொல்லவைக்கப் புருஷனுக்கு உரிமை உண்டு. மறுக்கத் தண்டோராக்காரருக்கு உரிமை கிடையாது.

எலியாக்கிம் மணியை எடுத்துக்கொண்டு நேராகச் சதுப்பின் மறுகோடிக்குப் போனார். ஆள் அரவம் இல்லாத இடம். கடற்காக்கைகளைப் பார்த்து அடித்தொண்டையில் அத்தனையும் சொல்லி, தேவன் ராஜாவைக் காப்பாராக என்றும் முடித்தார். சொல்லவேண்டும் என்பதுதானே ஆணை, யார் காதில் என்று சொல்லவில்லையே!

"கேட்டுச்சு அண்ணே. நல்லாவே கேட்டுச்சு."

நாணல் மறைவில், முழங்கால் வரை சேற்றில், கூடையோடு பேஷன்ஸ் நின்றிருந்தாள். எலியாக்கிமுக்கு மணி கையிலிருந்து நழுவியது. அவளோ சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அதே இடத்தில் உட்கார்ந்து அழுதாள். இருவரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து டோன் வீட்டு வாசலில் அவ்வப்போது ஒரு கூடை சிப்பி இருக்கும், அவ்வளவுதான்.

பன்றி விவகாரம் நடந்த அடுத்த கோடையில் பிலடெல்பியாவிலிருந்து அந்தச் சுதந்திர அறிக்கை வந்தது. ஜெப வீட்டில் போதகர்தான் படிக்கவேண்டும் என்று உத்தரவு. போதகரோ காய்ச்சலில் குரல் போய்ப் படுத்திருந்தார். ஜேபெஸ் காகிதத்தோடு எலியாக்கிம் வீட்டுக்கு வந்தார்.

மெஹிட்டபெல் கைகூப்பாத குறை. "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வேற யாரையாவது படிக்கச் சொல்லுங்க. இவர் வாய் இவர் பேச்சைக் கேக்காது."

"கேக்கும்" என்றார் எலியாக்கிம். "நேதன் எதுக்காகப் போனான்னு இந்தக் காகிதத்துல எழுதியிருக்கு. அதை நான் படிக்காம வேற எவன் படிப்பான்?"

ஜெப வீட்டுப் படிக்கட்டில் ஏறி நின்றார். கீழே ஊரே கூடியிருந்தது. முதலில் வார்த்தைகள் அவருக்குப் பிடிபடவில்லை, நீள நீளமான வாக்கியங்கள். போகப்போகக் குரல் திறந்துகொண்டது. ராஜா செய்த அநியாயங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். இந்தக் குடியேற்றங்கள் இனி யாருக்கும் கட்டுப்பட்டவை அல்ல, சுதந்திரமானவை என்ற இடம் வந்தபோது அவர் கண்ணில் நீர் வழிந்தது. தன் மகன் தேசத்துரோகி அல்ல என்று ஒரு தேசமே எழுதிக் கொடுத்ததுபோல் இருந்தது அவருக்கு. அந்தச் சந்தோஷம்தான் அவருக்கு வினையாக வந்தது. பயம் இருந்திருந்தால் இருமியிருப்பார். நெஞ்சு நிறைந்து, காகிதத்தை மடித்து, மணியை உயர்த்தி அடித்து, கடலுக்கே கேட்கும்படி முழங்கினார்:

"தேவன் ராஜாவைக் காப்பாராக!"

மணியோசை அடங்கியது. மெஹிட்டபெல் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "ராஜாவோட ஆளு! அப்பவே சொன்னேன்ல? எடுங்கடா தாரை!"

எலியாக்கிம் மணியைப் படியில் வைத்தார். அந்தச் சுங்கக்காரனின் சத்தம் காதில் கேட்டது.

அப்போது யாரோ சிரித்தார்கள். சதுப்பில் அவர் கேட்ட அதே சிரிப்பு. பேஷன்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள்.

"தார் அப்புறம். முதல்ல தொப்பியை மாட்டுங்கடா!"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அத்தனை ஆண்களின் தொப்பியும் அவரவர் மார்பில் இருந்தது. தாரை எடுக்கச் சொன்னவனின் தொப்பியும் அங்கேதான் இருந்தது.

"ஏம்ப்பா ஜேபெஸ், உன் தலை ஏன் வெறுந்தலையா இருக்கு? யாருக்கு இந்த மரியாதை? அண்ணன் வாயில வந்ததுக்குத் தார்னா, உங்க கையில வந்ததுக்கு என்ன? ஊர் முழுக்கப் பூசத் தார் பத்துமா? அத்தனை கோழிக்கு எங்கடா போவீங்க?"

ஜேபெஸ் தன் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். காது மடல்வரை சிவந்துவிட்டது. "சனியன் பிடிச்ச கை" என்று முணுமுணுத்து அவரே முதலில் சிரித்தார். பிறகு ஊர் சிரித்தது. அசடு வழிந்துகொண்டு ஒவ்வொருவராகத் தொப்பியை மாட்டிக்கொண்டார்கள்.

"அண்ணே, மணியை எடுங்க" என்றார் ஜேபெஸ். "முடிவை மட்டும் மாத்திச் சொல்லிடுங்க."

எலியாக்கிம் மணியை எடுத்தார். யாரைக் காக்கச் சொல்வது? கீழே நின்ற முகங்களைப் பார்த்தார்.

"தேவன் இந்த ஜனங்களைக் காப்பாராக!"

தொப்பியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பாதிப் பேர் கழற்றினார்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்த்து முழித்தார்கள்.

அன்று மாலை எலியாக்கிம் சதுப்பு ஓரக் குடிசைக்குப் போனார். "இந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன் தங்கச்சி?"

"காக்காய்ங்க முன்னாடி கத்தினீங்களே, அப்பவே தீர்த்துட்டீங்க" என்றாள் பேஷன்ஸ். "போய்ச் சாப்பிடுங்க. அண்ணி காத்திருப்பாங்க."

நேதன் ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தான். வந்ததே போதும் என்று இருந்தது. எலியாக்கிம் அதன் பிறகும் பல வருஷம் மணியடித்தார். பசுவோ படகோ, ஜனங்களைக் காக்கச் சொல்லி முடித்ததும், மணியைக் கீழே வைத்துவிட்டுத் தன் தொப்பியை எடுத்து எதிரே நிற்பவர்களை வணங்குவார்.

"பன்றியைத் தொலைச்சவனுக்கெல்லாம் எதுக்குங்க மரியாதை?" என்று மெஹிட்டபெல் அலுத்துக்கொள்வாள்.

"அன்னிக்கு இவங்க சிரிக்காம இருந்திருக்கலாம். சிரிச்சாங்களே. என் தோலு என் மேல இருக்கறது இவங்க போட்ட பிச்சை."

ஒரு ஜனவரி மாதத்தில் அவரைப் புதைத்தோம். கடற்காற்று காதை அறுத்தது. ஆண்கள் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு குழியைச் சுற்றி ஒடுங்கி நின்றார்கள். மணி அடிக்க ஆளில்லை. முதுகு கூனிப்போன பேஷன்ஸ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தொப்பியை எடுங்கடா" என்றாள்.

ஜேபெஸ் முதலில் எடுத்தார்.