சித்தப்பாவின் இருமல்

ஐந்தாம் வகுப்பு டீச்சருக்குக் கதை படிப்பதென்றால் சோறு தண்ணி வேண்டாம். கடைசிப் பீரியடில் பிள்ளைகளுக்கு ஒரு நாவலை உரக்கப் படித்துக் காட்டுவார், தினம் சில பக்கங்கள். சும்மா படிப்பதில்லை; ஆளுக்கொரு குரல். அதற்கான ஒத்திகை வீட்டில், காய் நறுக்கும்போது. மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருக்கும் கணவர், "நம்ம வீட்டுல ஏழெட்டுப் பேர் குடியிருக்காங்கன்னு பக்கத்து வீட்டுல பேசிக்கிறாங்க" என்பார்.

இப்போது படிக்கும் நாவலில், அப்பா வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்ட ஒரு வீட்டுக்குச் சித்தப்பா வந்து தங்குகிறார். அண்ணனின் தையல் மெஷினை யாரிடமும் சொல்லாமல் விற்றுவிடுகிறார். ஏன் என்று கதையில் உடைத்துச் சொல்லவில்லை. பிள்ளைகள் யோசிக்கட்டும் என்றுதான் டீச்சர் அந்தப் புத்தகத்தையே எடுத்தார்.

"ஏன் வித்திருப்பார்? மனசுல பட்டதைச் சொல்லுங்க."

"அவர் கெட்டவர், டீச்சர்" என்றான் முதல் பெஞ்சுப் பையன். எதற்கும் முந்திக்கொள்வதால் வகுப்பில் அவனுக்கு ரேடியோ என்று பேர்.

"எதை வெச்சுச் சொல்றே?"

"கெட்டவர்தானே, டீச்சர்."

"அடுத்தவங்க பொருளை எடுக்கக் கூடாது" என்று பின்னாலிருந்து ஒரு நீதி வந்தது. மொத்த வகுப்பும் தலையாட்டியது. ஜன்னலோரப் பெண் மட்டும் ஒரு காரணம் சொன்னாள்: "பேசறதுக்கு முன்னாடி ஒரு மாதிரி இருமுறாரே, டீச்சர்."

டீச்சர் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டார். கடைசியில் ரேடியோவுக்கே பாவமாகப் போய், "நீங்களே சொல்லிடுங்க டீச்சர், எழுதிக்கிறோம்" என்றான்.

வராந்தாவில் நின்று இதைக் கேட்ட தலைமையாசிரியை பள்ளி விட்டதும் டீச்சரை அறைக்குக் கூப்பிட்டார். "அதுங்க கதையைக் கேட்டுட்டுப் பையைத் தூக்கிட்டுப் போகுதுங்க. அந்தப் பீரியடைக் கணக்குக்குக் குடுத்துடலாம்னு பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை வந்து பின்னாடி உட்கார்றேன். யோசிக்குதுங்கன்னு காட்டுங்க, விட்டுடறேன்."

நாள் முழுக்கப் பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிற டீச்சருக்கு அந்த ஒரு பீரியட்தான் மூச்சு விடும் நேரம்.

வீட்டுக்கு வந்தும் கடுப்பு அடங்கவில்லை. "இருமினா கெட்டவராமா? இதுங்களுக்கு நான் என்னத்தைப் படிச்சு..." என்று கணவரிடம் புத்தகத்தைப் புரட்டிக் காட்டப் போனார். சித்தப்பா வரும் பக்கங்களை எல்லாம் தேடினார். எங்கேயும் இருமல் இல்லை.

"புத்தகத்துல எப்படி இருக்கும்? அது நீ போட்ட வில்லன் இருமலாச்சே" என்றார் கணவர். "அந்த மனுஷன் வாயைத் திறக்கறதுக்குள்ள நீயே தீர்ப்பு எழுதிடறே. அப்புறம் பிள்ளைங்க யோசிக்கலைன்னு எரிஞ்சு விழறே."

"உங்களை யாரும் கேட்கலை" என்றார் டீச்சர். அன்று பீன்ஸ் வழக்கத்தைவிடப் பொடியாக நறுக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை, தலைமையாசிரியை பின்னால் உட்கார்ந்திருக்க, டீச்சர் குரலை மாற்றாமல், முகத்தை அசைக்காமல், ரயில் அறிவிப்பு மாதிரி படித்தார்.

"தொண்டை கட்டிக்கிச்சா, டீச்சர்?" என்றது ஒரு குரல்.

"இல்லை. சித்தப்பாவைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

மொத்த வகுப்பும் ரேடியோவைப் பார்த்தது. ரேடியோ வழக்கம்போல டீச்சர் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் கிடைக்காமல் முழித்தான். தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சருக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இதற்குப் பழைய ஒப்பிப்பாவது தேவலை.

"டீச்சர், அவர் வாசல்ல நிக்கிற இடத்தை இன்னொரு தடவை படிங்க" என்றாள் ஜன்னலோரப் பெண்.

படித்தார். மெஷின் இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டு சித்தப்பா வாசலிலேயே நிற்கிறார்.

"உள்ள வராமயே நிக்கிறார்ல? வெக்கமா இருந்தா எங்கப்பா இப்படித்தான் நிப்பார்."

"வெக்கப்படறவர் எதுக்கு விக்கணும்? கேட்டுட்டு வித்திருக்கலாம்ல?" என்று திரும்பினான் ரேடியோ.

"கேட்டா அண்ணி வேண்டாம்பாங்க. அப்புறம் எதை வெச்சுச் சமைப்பாங்க?" என்றாள் அவள்.

"அவர் வேலைக்குப் போறது."

"நீ குடுப்பியா வேலை?"

மணி அடித்தபோது பாதி வகுப்பு எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை பக்கத்தில் வந்தார். "சத்தம் ஜாஸ்தி. கடைசி வரைக்கும் சரியான பதில் எதுன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"எனக்கும் தெரியாது, மேடம்."

தலைமையாசிரியை இன்னும் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். "இந்த நாவல் முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பீரியட் கிடைத்ததா கிடைக்கவில்லையா என்று டீச்சருக்குப் புரியவில்லை.

பையை மாட்டிக்கொண்டு ரேடியோ வந்து நின்றான். "திங்கக்கிழமை பழைய மாதிரியே படிங்க டீச்சர். இப்படிப் படிச்சா எல்லாத்தையும் நாங்களே யோசிக்க வேண்டியிருக்கு."

அன்று மாலை டீச்சர் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து அடுத்த அத்தியாயத்தை எடுத்தார். சித்தப்பா பேச ஆரம்பிக்கும் இடம் வந்ததும், கேட்காமலே இருமல் வந்து நின்றது.

"வந்துட்டாரா?" என்றார் கூடத்திலிருந்து கணவர்.

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தைப் பின்னால் திருப்பி, மறுபடி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.