ஒரு பிடி மாவு

பால்பவுடர் டப்பாவின் மூடியைத் திறந்தபோது உள்ளே வெள்ளைப் பொடியின் மேல் நான்கு விரல்களின் தடம் தெரிந்தது. தடத்தின் ஓரத்தில் பொடி வெண்ணெயில் ஒட்டிச் சிறு சிறு உருண்டைகளாகக் கிடந்தது. விரல்கள் என்னுடையவை. வெண்ணெய், அன்று காலை நான் மாவோடு பிசைந்தது. ஆனால் அந்த டப்பாவில் இருந்தது மாவு இல்லை. மூட்டைப்பூச்சிக்காக என் கணவர் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்திருந்த டி.டி.டி. மருந்து. என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த நால்வரும் நான் செய்த பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பி அரைமணி நேரம் ஆகியிருந்தது.

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். கணவருக்கு மலேரியா ஒழிப்பில் வேலை. ஊர் ஊராகப் போய் வீட்டுச் சுவர்களில் மருந்து அடிக்கிறவர்களை மேற்பார்வை பார்ப்பார். மாதத்தில் பாதி நாள் பனமலைப் பக்கம் முகாமிலேயே கழிந்துவிடும். திண்டிவனத்து வாடகை வீட்டில் நானும் மாமியாரும் நாத்தனாரும்தான். நாத்தனாருக்குப் பத்தொன்பது வயது, என்னைவிட மூன்று வயது சின்னவள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் நேராகப் பேசுவாள். அது அவள் அம்மாவுக்குப் பிடிக்காது.

என் தாய்வீடு விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் இருந்தது. பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ரயில் கார்டின் மனைவி மாம்பழக் காலத்தில் ‘கிரம்பிள்’ என்று ஒன்று செய்வார். பழத்தை நறுக்கிச் சர்க்கரையில் புரட்டிப் பாத்திரத்தில் பரப்ப வேண்டும். மைதா, சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் விரல் நுனியால் தேய்த்துப் புட்டுமாவு போல உதிரியாக்கி மேலே தூவ வேண்டும். அவர் வீட்டில் அதற்கென்று இரும்பு அடுப்பு இருந்தது. நான் அகலமான சட்டியில் மணலைக் கொட்டி, அதன்மேல் பாத்திரத்தை வைத்து, மூடிய தட்டின்மேல் தணலை அள்ளிப் போட்டுச் சுடுவேன். மேல்மாவு பொன்னிறமாகி, ஓரத்தில் பழச்சாறு கொப்பளித்து வரும்போது தெருவே மணக்கும். மாப்பிள்ளை விழுப்புரத்தில் ரயில்வே ஆபீஸில் வேலை பார்ப்பவர் என்றதும் மாமியாருக்கு அந்த நினைப்பு வந்துவிட்டது. “அந்த இங்கிலீஷ் பலகாரத்த நீ செய்யி. பொண்ணு கையால செஞ்சதுன்னு சொல்லிக்கலாம்” என்றார்.

முந்தின நாள் முன்னறையைக் கழுவியபோது கட்டிலடியில் இருந்த டப்பாவைச் சமையலறை அலமாரித் தட்டில் வைத்தவள் நான்தான். பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு டப்பாவில் மைதா இருந்தது. வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே வந்துவிட்டார்கள். பிசைந்த மாவில் வெண்ணெய் கூடிவிட்டது. இன்னும் ஒரு பிடி மாவு வேண்டும். கண் அடுப்பில் இருக்க, கை தட்டுக்குப் போனது. ஏதோ லேசாக வாடை அடித்தது. டப்பாவின் வாடை என்று விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா இனிப்புப் பிரியர். “பொண்ணுக்கு நல்ல கைப்பக்குவம்” என்று சொல்லி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர்கள் போனபின் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்ததை நானும் நாத்தனாரும் சுரண்டித் தின்றோம். மாமியார் அன்று விரதம், தொடவில்லை.

என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்ததும் மாமியாருக்குப் புரிந்துவிட்டது. “வாய மூடிக்கினு இரு. மனுஷனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு அவனே சொல்லியிருக்கான்” என்றார். கணவர் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் எங்கள் தெருவில் மருந்து அடித்த வாரத்தில், எதிர்வீட்டுப் பூனை இரண்டு நாள் உடம்பெல்லாம் உதறிச் செத்துப்போனதை நான் பார்த்திருந்தேன். அந்த உதறல் அப்போது என் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மாமியார் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் எனக்கு ஆசையாக இருந்தது.

நாத்தனார் பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “அண்ணி, வர்றீங்களா, நான் மட்டும் போவட்டா?”

“போனா இந்தச் சம்பந்தம் அவ்ளோதான்டி” என்றார் மாமியார்.

“சம்பந்தம் போனா போவட்டும்மா. அவங்க உயிரு போவக்கூடாது.”

அவர்கள் ஏறிய பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறினோம். விக்கிரவாண்டியைத் தாண்டுவதற்குள் ஒரு யுகம் போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூட்டைகளை ஏற்றினார்கள், இறக்கினார்கள். ஜன்னலில் கை நீட்டி வறுத்த மல்லாட்டைப் பொட்டலம் விற்றார்கள். முன்னால் போன பஸ் எங்காவது ஓரமாக நிற்கிறதா, மரத்தடியில் யாராவது படுத்திருக்கிறார்களா என்று நான் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். என் கை நடுங்கியது. அது பயத்தின் நடுக்கமா, மருந்தின் நடுக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. மடியில் வைத்து ஒன்றை இன்னொன்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நாத்தனாரின் கைகளை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவளும் என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, உதடு மரத்த மாதிரி இருக்குதா?”

“இல்லியே.”

“எனக்கும் இல்ல” என்றாள்.

இருவருமே பொய் சொன்னோம்.

ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் அவர்கள் வீடு. நான் வளர்ந்த இடம்தான். தேட வேண்டியிருக்கவில்லை. கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா பாயில் கிடந்தார். இரண்டு தடவை வாந்தி எடுத்தாராம். வெயிலில் பஸ்ஸில் வந்ததால்தான் என்று மாப்பிள்ளையின் அம்மா மோர் கலக்கிக்கொண்டிருந்தார். பாயின்மேல் பெரியவரின் விரல்கள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. எனக்கு மறுபடியும் பூனை ஞாபகம்.

நாத்தனார்தான் சொன்னாள். “மாவுல பூச்சி மருந்து கலந்துபோச்சுங்க. ஜல்தியா ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

“யாரு கலந்தது?” என்று கேட்டார் அந்த அம்மா.

ஒரு கணம்தான். நாத்தனார் என் பக்கம் திரும்பவே இல்லை. “நான்தாங்க செஞ்சேன். டப்பா மாறிப்போச்சு.”

பெண் கையால் செய்தது என்று காலையில் அவர்களிடம் சொன்ன பொய்யை அவள் காப்பாற்றினாளா, என்னைக் காப்பாற்றினாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் நின்றேன். இல்லை என்று சொல்லவில்லை.

“பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு மருந்து வச்சியாடி?” என்றார் அந்த அம்மா. தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

ஜட்கா வண்டி பிடித்து எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இரண்டே கேள்வி கேட்டார். என்ன மருந்து, எவ்வளவு? முதல் கேள்விக்கு நாத்தனார் பதில் சொன்னாள். இரண்டாவதற்கு அவளுக்குப் பதில் தெரியாது. அப்போதுதான் என்னைப் பார்த்தாள். “ஒரு பிடி” என்றேன் நான். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். எங்கள் இருவரையும் சேர்த்து ஆறு பேருக்கும் உப்புத் தண்ணீர் கொடுத்து வயிற்றைக் காலி செய்தார்கள். மற்றவர்கள் சீக்கிரமே எழுந்து உட்கார்ந்தார்கள். பெரியவருக்கு மட்டும் உதறல் நிற்கவில்லை. நர்ஸ் திரைச்சீலையை விலக்கும்போதெல்லாம் நான் எட்டி அவருடைய விரல்களைப் பார்த்தேன். பொழுது சாயும் நேரத்தில் அவர் தண்ணீர் கேட்டார். டம்ளரைத் தன் கையாலேயே பிடித்துக் குடித்தார். “நீங்க வந்து சொன்னது நல்லதாப் போச்சு. வெயிலுன்னு நெனச்சிக்கினு வீட்லயே போட்டு வச்சிருப்பாங்க” என்றார் டாக்டர்.

சம்பந்தம் முறிந்தது. அதோடு போகவில்லை. டப்பா மாறியது யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. ‘மருந்து வச்ச பொண்ணு’ என்ற பேச்சு மட்டும் நின்றது. கணவரிடம் வீட்டில் உண்மையைச் சொன்னோம். வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று மாமியார் தடுத்தார். சொன்னால் காலையில் சொன்ன பொய்யும் வெளியே வரும். எனக்கு அந்தத் தடை வசதியாக இருந்தது. தரகர் வரும்போதெல்லாம் நான் கொல்லைப்புறம் போய்விடுவேன். இவள் இன்றைக்காவது என் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்ற பயம். அவள் சொல்லவில்லை. என்னோடு சண்டை போட்ட நாளில்கூடச் சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்து வளவனூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியருக்காகப் பார்க்க வந்தார்கள். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையின் அம்மா கேட்டேவிட்டார். “ஊர்ல ஒண்ணு சொல்றாங்க. மறைக்காம கேட்டுடறேன். அந்த மருந்து விஷயம், இந்தப் பொண்ணுதானா?”

நாத்தனார் தலை நிமிர்ந்தாள். அவள் வாய் திறக்கும் முன்னால் நான் முன்னறைக்கு வந்துவிட்டேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

“அவ இல்லீங்க. நான் செஞ்சது. நான்தான் டப்பா மாத்தி எடுத்தேன். அவ செய்யவே இல்ல.”

மாமியார் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த அம்மா என் பக்கம் திரும்பி, “அப்போ பஸ் ஏறிப் போய்ச் சொன்னதா ஆஸ்பத்திரிப் பக்கம் சொன்னாங்களே, அது யாரு?” என்றார்.

“அவதாங்க. நான் கூடப் போனேன், அவ்வளவுதான்.”

அன்று பதில் எதுவும் சொல்லாமல் போனார்கள். பத்தாம் நாள் சம்மதம் என்று கடிதம் வந்தது. தை மாதம் கல்யாணம் நடந்தது.

ஆனால் கடிதம் வருவதற்கு முன்பே, அவர்கள் கிளம்பிய கையோடு, அவள் கிணற்றடியில் காப்பி டம்ளர்களைத் துலக்க உட்கார்ந்தாள். நான் தண்ணீர் இறைத்து ஊற்றினேன். கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

“மூணு வருஷம் ஆச்சு, அண்ணி, நீங்க சொல்றதுக்கு.”