வேகத் திருகாணி

கறுப்பு இசைத்தட்டுக்கு ஒரு மணம் உண்டு. வெயிலில் இளகிய அரக்கோடு இயந்திர எண்ணெயும் கலந்ததுபோல. கிராமபோன் பெட்டியின் மூடியைத் திறந்ததும் அந்த மணம்தான் முதலில் வரும், பிறகுதான் பாட்டு. பாட்டு என்கிறேனே தவிர அதில் ஒரு சொல்லும் இல்லை. வெள்ளைக்காரர் பலர் கூடி வாசித்த, மூன்று நிமிடத்துக்குள் முடிந்துபோகிற சங்கீதம் அது. வயலின்கள் ஓடிவரும், குழல்கள் அவற்றுக்கு மேலால் துள்ளும், கடைசியில் மேளம் இரண்டு தட்டுத் தட்ட எல்லாம் சட்டென்று நின்றுவிடும்.

யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் எங்கள் கோயில் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர் மேரி ரீச்சர். பெண்பிள்ளைகளுக்கென்று அந்த வருஷம்தான் ஒரு வகுப்புத் தொடங்கியிருந்தார்கள். தற்காலிகமாக வந்த அவர் ஒருவர்தான் அதற்கு ஆசிரியை. பெருநாள் விழாவுக்கு எங்களுக்கு "ட்றில்" பழக்கினார். கையில் வெள்ளை "லேஞ்சி"க் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சங்கீதத்துக்குக் கால் மாற்றி ஆட வேண்டும். முன்வரிசை நடுவிடம் எனக்குத்தான் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்; அம்மா சட்டையும் தைத்துவிட்டாள். ரீச்சரோ, "றோசி, உனக்குக் கால் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். நீ ஊசியை வை பிள்ளை" என்று என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, நடுவிடத்தை என் சிநேகிதி பிலோமினாவுக்குக் கொடுத்தார். அவர் சாவி முறுக்குவார். நான் ஊசியைத் தட்டின் மேல் வைப்பேன்.

பெட்டிக்குள் ஒரு சின்னத் திருகாணி இருந்தது. அதை ஒரு பக்கம் திருப்பினால் தட்டு வேகமாகச் சுழலும், மறுபக்கம் திருப்பினால் மெதுவாக. வேகம் குறையும்போது சுருதியும் தானாக இறங்கிவிடும். இறங்கியதும் அந்தச் சங்கீதத்தின் முகமே மாறி, துள்ளின குழல்கள் முனகத் தொடங்கும். ஊசி மாற்றும்போது விளையாட்டாகத் திருப்பிப் பார்த்து இதை நான் அறிந்து வைத்திருந்தேன்.

பெருநாளன்று ரீச்சர் பிள்ளைகளின் வரிசையைத் திருத்திக்கொண்டு நின்றபோது, திருகாணியை மெதுவான பக்கம் முழுவதும் திருப்பினேன். பிலோமினா ஓரெட்டுத் தவறினால் போதும் என்று நினைத்தேனே ஒழிய, அதற்கு மேல் நினைக்கவில்லை. வயலின்கள் சவப்பெட்டி தூக்கினவர்கள்போல நடந்து வந்தன. ஒரு காலைத் தூக்கிய பிள்ளைகள் மற்றக் காலுக்குத் தாளம் வராமல் கொக்குப்போல நின்றார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "ரீச்சர், ஆர் செத்தது?" என்று கேட்க, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ரீச்சர் ஓடிவந்து சாவியை முறுக்கினார், முறுக்கினார், வியர்க்க வியர்க்க முறுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. ஆரவாரத்தில் திருகாணியை நான் பழையபடி வைத்துவிட்டேன். மறுநாள் போட்டுப் பார்த்தபோது சங்கீதம் ஒழுங்காக ஓடியது. ஆகவே குற்றம் சாவி முறுக்கத் தெரியாதவருடையது என்றாகிவிட்டது.

விழாவைக் கெடுத்தாரென்று அந்தக் கிழமையே ரீச்சரை அனுப்பிவிட்டார்கள். வேறொருவர் வரவில்லை, வகுப்பும் நின்றது. உயிரெழுத்தை முடித்து மெய்யெழுத்தில் நின்றிருந்தோம். என் அப்பு செபப் புத்தகத்தை வைத்து எனக்கு எழுத்துக் கூட்டப் பழக்கினார். பிலோமினாவுக்குப் பழக்க ஒருவரும் இல்லை.

இரண்டாயிரமாம் ஆண்டுகளில் நாங்கள் இருவரும் கனடாவில் மொன்றியல் நகரத்தில், சென்ட் லோரன்டில் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். தையல் தொழிற்சாலையில் பொறுக்கிய பிறெஞ்சு என்னிடம் இருந்தது, எழுத்தும் தட்டுத் தடுமாறி வரும். பிலோமினாவின் படிவங்களை நான்தான் நிரப்புவேன். கையெழுத்துக்குப் பதிலாக அவள் பெருக்கல் குறிபோல ஒரு "புள்ளடி" போடுவாள். போட்டுவிட்டு, "மாதா உன்னை எனக்கெண்டு அனுப்பினவா" என்பாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் அடுத்த படிவத்தை எடுத்துவிடுவேன்.

ஒரு நாள் அவளுடைய கண் பரிசோதனைக்காகக் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு, அவளுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தேன். காத்திருக்கச் சொல்லிவிட்டு அவர்கள் போட்ட இசை அதுதான். வயலின்கள் ஓடிவந்தன, குழல்கள் துள்ளின.

"எடி றோசி, இது எங்கட ட்றில் பாட்டெல்லோ" என்றாள் பிலோமினா. "இந்த ஓட்டத்தில தானே பழகினது. அண்டைக்கு அந்த மனுசி ஒழுங்கா முறுக்கியிருந்தா நான் இண்டைக்கு உன்னைக் கரைச்சல்படுத்த வேண்டி வந்திராது."

முதலில் "ஓம்" என்றேன். இசை முடிந்து மறுபடியும் தொடங்கியது. மூன்றாம் முறை குழல்கள் துள்ளியபோது என்னால் இருக்க முடியவில்லை.

"அவ முறுக்கினவா. நான்தான் திருகாணியைத் திருப்பினனான்."

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசியில் ஒரு பெண் "போன்ஜூர்" என்றாள். பிலோமினாவின் பெயரையும் பிறந்த நாளையும் எனக்குத் தெரிந்த பிறெஞ்சில் சொல்லி, போக வேண்டிய நேரத்தை எழுதி முடிக்கும்வரை பிலோமினா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியை வைத்ததும், "அப்ப நீ எனக்கு நிரப்பின போம் எல்லாம் அதுக்காகவோ?" என்று கேட்டாள்.

மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய் என்னுடையது. நேரம் எழுதின துண்டை அவளிடம் நீட்டினேன்.

"நான் நினைச்சன், உனக்கு என்னில பட்சம் எண்டு."

சண்டை பிடிக்கவில்லை, தேத்தண்ணியும் ஊற்றித் தந்தாள். ஆனால் அடுத்து வந்த படிவத்தைக் கோயிலில் யாரிடமோ கொண்டுபோனாள். பிறகு நகரத்துக்கு வெளியே ரொக்ஸ்பரோவில் இருந்த மகளோடு குடிபோய்விட்டாள். போன மாரியில் காலமானாள். அந்தக் கிளினிக்கில் இப்போது காத்திருக்கிறவர்களுக்கு வெறும் "பீப்" சத்தம்தான். மேரி ரீச்சர் எங்கே போய் எப்படி முடிந்தார் என்று சொல்லவும் ஆள் இல்லை.

முதல் படிவத்தை நான் அந்தத் திருகாணிக்காகத்தான் நிரப்பினேன். மற்றவை எல்லாம் அவளுடைய குசினியில் இருந்து அவளோடு கதைத்துக்கொண்டிருக்கும் ஆசையில் நிரப்பியவை. அவள் கேட்டபோது இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.