தட்டாமல் திறக்கும் கதவு

"குளிர் எப்படிங்க இருக்கும்?"

ஏஜென்ட் ரவிக்குமார் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலச் சிரித்தார். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருந்த ஒரு சின்ன மண்டபத்தில் கூட்டம் நடந்தது. வெளியே ஐப்பசி மழை. உள்ளே ஸ்வெட்டரும் குல்லாயுமாக ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஸ்காட்லாந்தில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை வேண்டும்.

"ஏனுங்க, ஊட்டி மலையில பொறந்துட்டு குளிரப் பத்தி நீங்க கேக்கலாமுங்களா? கோயமுத்தூர்க்காரன் கேட்டா ஒரு நாயம் இருக்குது. டண்டீன்னு ஒரு ஊருங்க. மேடு, பள்ளம், மழை, மூடுபனி. உங்களுக்கு அப்படியே நம்மூரு மாதிரி இருக்கும். அதுக்குத்தானே ஆள் தேடி மலை ஏறி வந்திருக்கறேன்?"

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் பெருமையும் இருந்தது. பின்வரிசையில் ஒரு பெண் மாதாவே வழி காட்டிவிட்டாள் என்று சிலுவை போட்டுக்கொண்டாள். வழி காட்டியது மாதா அல்ல, அந்த ஊரில் நிலவிய ஆள் பற்றாக்குறை. கிழவர்களைக் குளிப்பாட்ட அங்கே ஆள் கிடைக்கவில்லை.

மூன்றாம் வரிசையிலிருந்து ஜெஸிந்தா எழுந்தாள். "ஊடுங்க? தங்கறதுக்கு?"

"நல்லாக் கேட்டீங்க. வேலை குடுக்கற கம்பெனியே ஊடும் குடுத்துரும். நீங்க தேடி அலையவே வேண்டாம்."

கைதட்டல் எழுந்தது. ஜெஸிந்தாவும் தட்டினாள்.

சமவெளியிலிருந்து வந்த யாராவது அங்கே இருந்திருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார்கள்: வேலை போனால் வீடு என்ன ஆகும்? அந்த மண்டபத்தில் யாரும் கேட்கவில்லை. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் எஸ்டேட் லைன் வீடுகளில் பிறந்தவர்கள். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் அவை. வேலை கொடுப்பவரே வீடும் கொடுப்பார் என்பது அவர்களுக்கு மழை பெய்யும் என்பதைப் போன்ற சங்கதி. மழையிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஜெஸிந்தாவுக்கு முப்பத்திரண்டு வயது. குன்னூரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஓய்வுபெற்ற பணக்காரர்களைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் துடைப்பது என்று ஒன்பது வருட அனுபவம். கணவன் சில்வஸ்டர் வாடகை ஜீப் ஓட்டுகிறான். இருவரும் இருப்பது எஸ்டேட்டில், ஜெஸிந்தாவின் அம்மா ஆரோக்கியமேரியின் லைன் வீட்டில். ஆரோக்கியமேரி தேயிலைக் கொழுந்து பறிப்பவர். இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவர். இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது, ஒன்பது வயதில் கப்பலில் ஏற்றப்பட்டு வந்தவர். போகிறாயா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

அந்த எஸ்டேட்டில் வழக்கம் இதுதான்: குடும்பத்தில் ஒருவர் பேராவது பதிவில் இருக்கும்வரை வீடு உண்டு. பெரியவர் ஓய்வு பெற்றால் மகனோ மகளோ அந்த இடத்தில் பேர் கொடுக்க வேண்டும். யாரும் கொடுக்காவிட்டால் சாவியைக் கொடுக்க வேண்டும். வெயிலிலும் அட்டைக்கடியிலும் நாற்பது வருடம் முதுகு வளைத்தவருக்குக் கடைசியில் ஒரு கூரைகூடச் சொந்தமில்லை. இதற்குப் பெயர் நலத்திட்டமாம்.

ஏஜென்ட் கூட்டம் முடிந்த மறுநாள் மாலை ஃபீல்டு ஆபீசர் சிவகுரு லைனுக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஆரோக்கியமேரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு எழுந்து நின்றார். அடுப்படியிலிருந்த ஜெஸிந்தாவும் எழுந்தாள்.

"மேரி, இந்த மாசத்தோட உனக்கு ரிடையர்மென்ட். திங்கக்கிழமை காலைல உம்மக வந்து பேரு குடுத்துரணும். இல்லீன்னா ஊட்டக் காலி பண்ணிரு. பேரு எழுதிக் காத்துட்டிருக்கறவங்க நெறையாப் பேரு."

"சரிங்கய்யா."

அவர் போன பிறகும் அம்மா கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். தட்டில் சோறு ஆறிப்போயிருந்தது.

ஜெஸிந்தா தேர்வாகியிருந்தாள்; ரவிக்குமாருக்கு ஞாயிறு மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். சிவகுருவுக்குத் திங்கள் காலை. டண்டீக்குச் சரி என்றால் அம்மாவுக்கு வீடு இல்லை. பேர் கொடுத்தால் ஜெஸிந்தாவுக்கு இனி தேயிலைக்காடுதான், அதுவும் ஐம்பத்தெட்டு வயதுவரை.

சில்வஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. சாயங்காலமானால் போனில் டண்டீயின் தெருக்களைத் திறந்து வைத்துக்கொண்டு விரலால் ஊர் சுற்றினான்.

"இங்க பாரு ஜெசி, இந்த ஏத்தம். செகண்ட் கியர்லயே ஏறிரும். நம்ம ரோட்டுல பாதி கூட இல்ல."

"அங்க ஜீப் ஓட்ட உங்களுக்கு யாரு லைசென்ஸ் குடுக்கறாங்களாம்?"

"குடுப்பான். காட்டுமாடு குறுக்க வந்தாக்கூட நிறுத்தத் தெரிஞ்சவனுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பான்?"

அரிசி கிடைக்கிறது. கோயில் இருக்கிறது. பஸ் இருக்கிறது. குளிர் பழகிய குளிர். அவர்கள் எடை போட்டது இவ்வளவுதான். எல்லாவற்றிலும் டண்டீ தேறியது. அம்மா மட்டும்தான் கணக்கில் மிஞ்சினார்.

"பக்கத்துல எமரால்டு ஊருல எங்க அக்கா ஊட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டும்," என்றான் சில்வஸ்டர்.

"அடுத்தவங்க வீட்டு மூலையில நான் போயி இருக்க மாட்டேன்," என்றார் ஆரோக்கியமேரி. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "எங்களக் கப்பல்ல ஏத்துனப்பவும் வீடு குடுப்பாங்கன்னுதான் சொன்னாங்க. குடுத்தாங்களே. இந்தா இருக்கு," என்றார்.

சில்வஸ்டர் போனை அணைத்துவிட்டான்.

சனிக்கிழமை மதியம் ஜெஸிந்தா எல்சாவை வீடியோ காலில் கூப்பிட்டாள். எல்சா கீழ் லைனில் கூடவே வளர்ந்தவள். ஆறு மாதத்துக்கு முன் இதே ஏஜென்ட் மூலம் டண்டீ போனவள். எப்போது கூப்பிட்டாலும் வெளியே நடந்துகொண்டுதான் பேசுவாள். அகன்ற ஆறு, நீளப் பாலம், கடற்பறவைகள் என்று காட்டிக்கொண்டே போவாள். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். இன்று அங்கே காற்றோடு பேய்மழை. எல்சா அறைக்குள்ளேயே இருந்தாள்.

"அப்பாடா, இன்னிக்காவது உன் ஊட்டக் காட்டுடி."

"என்னத்தடி காட்டறது? கட்டிலு, செவுரு." எல்சா போனைச் சட்டென்று ஒரு சுற்றுச் சுற்றினாள். மேலும் கீழுமாக இரண்டடுக்குக் கட்டில்கள். கம்பியில் துணிகள் காய்ந்தன. ஒருத்தி போர்த்திக்கொண்டு தூங்கினாள்.

"எத்தன பேருடி?"

எல்சா வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. யாரும் தட்டவில்லை. எல்சாவின் முகம் திரையிலிருந்து மறைந்தது. தரையும் இரண்டு பாதங்களும் தெரிந்தன. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"எஸ் மேடம். சாரி மேடம். எஸ் மேடம்."

அந்தக் குரல் ஜெஸிந்தாவுக்கு நன்றாகத் தெரிந்த குரல். "சரிங்கய்யா" என்று அவள் அம்மா சொல்கிற அதே குரல். அப்போதுதான் அவள் இன்னொன்றையும் கவனித்தாள். இங்கே, குன்னூர் மலையில், தன் வீட்டு அடுப்படியில் அவளும் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

கதவு மூடிய சத்தம் கேட்டது. எல்சாவின் முகம் திரும்ப வந்தது.

"சூபர்வைசர். யாரு ரூம்ல இருக்கறா, யாரு இல்லன்னு பாக்க வருவாங்க."

"தட்ட மாட்டாங்களா?"

"அவுங்க ஊடு தானேடி?"

"வாடகை?"

"சம்பளத்துல புடிச்சுக்குவாங்க. மொதல்ல எனக்கு ஒண்ணுமே தப்பாத் தெரியல ஜெசி. கூட இருக்கற நைஜீரியாக்காரிதான் சத்தம் போட்டா, கதவத் தட்டிட்டு வான்னு. அவளுக்கு ரெண்டு வாரமா டூட்டியே போடல. டூட்டி இல்லீன்னா சம்பளம் இல்ல. வேலைய உட்டு நிறுத்திட்டா ஊடு போயிரும். ரெண்டு மாசத்துல வேற முதலாளி கெடைக்கலன்னா நாட்ட உட்டே போகோணும்."

"இத்தன நாளா நீ இதச் சொல்லவே இல்லயேடி!"

எல்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நீ எங்கடி கேட்ட? ஆறு மாசமாக் குளிரப் பத்தியே கேட்டுட்டிருந்த."

போனை வைத்த பிறகு ஜெஸிந்தாவால் உட்கார முடியவில்லை. கடல் தாண்டிக் கண்டம் தாண்டிப் போன எல்சா மறுபடியும் ஒரு லைன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். கூரை வேறு, சட்டம் ஒன்று. ஒருவன் கையில் கூலியையும் இன்னொருவன் கையில் கூரையையும் வைத்தால் தொழிலாளி இரண்டு பேரையும் எதிர்த்து நிற்பான். இரண்டையும் ஒரே கையில் வைத்துவிட்டால் அவன் எச்சில் கையோடு எழுந்து நிற்பான். வெள்ளைக்காரன் இந்த மலையில் தேயிலையோடு சேர்த்து நட்டுவிட்டுப்போன தந்திரம் இது. நட்டவன் ஊரிலும் அது செழிப்பாகத்தான் வளர்ந்திருக்கிறது.

ஞாயிறு மாலை அவள் சில்வஸ்டரோடு ரவிக்குமாரின் அலுவலகத்துக்குப் போனாள்.

"வேலைக்கு நான் வர்றேனுங்க. ஆனா கம்பெனி ஊடு வேண்டாம். வெளியில நாங்களே வாடகைக்குப் பாத்துக்கறோம். கேட்டுச் சொல்லுங்க."

ரவிக்குமார் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். சில்வஸ்டரைப் பார்த்தார். அவனுக்கும் இது புதிது. அவன் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். ரவிக்குமார் யாருக்கோ போன் செய்து கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஊடும் வேலையும் சேந்துதாம்மா. பிரிச்சுக் குடுக்க மாட்டாங்க. எத்தனையோ பேர அனுப்பிருக்கறேன், ஊடு வேண்டாம்னு சொல்ற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"ஊடு வேணுமுங்க. அவங்க ஊடுதான் வேண்டாம்."

"அப்ப இங்கயே கெடந்து தேயிலை பறிங்க. உங்க எடத்துக்கு வர ஆளு ரெடியா இருக்குது."

படியிறங்கியதும் சில்வஸ்டர் வெடித்தான். "உனக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா? ஒருத்தி கதவத் தட்டாம வந்துட்டான்னு ஒரு நாட்டையே வேண்டாங்கறியே!"

"நேத்து எல்சா எந்திரிச்சு நின்னப்போ இங்க நானும் நின்னேங்க. அங்க போயும் நிக்கறதுக்கா அவ்வளவு தூரம்?"

அவன் ஜீப்பைக் கிளப்பினான். பாதி வழியில் கேட்டான்: "அப்ப நாளைக்குப் பேரு குடுக்கப் போறியா?"

வழியில் ஒரு காட்டுமாடு சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. அது தானாக நகரும்வரை இருவரும் இருட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கள் காலை. வேலைக்கு ஆள் பிரிக்கிற மைதானத்தை ஆரோக்கியமேரி இன்னும் பெரட்டுக்களம் என்றுதான் சொல்வார். மூடுபனியில் பெண்கள் கூடைகளோடு நின்றார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் ஜெஸிந்தா நிற்பதைப் பார்த்து ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்: "வந்துருச்சுடி பாரு. சீமைக்குப் போறேன்னு குதிச்சுது, கடசியில கூடையத் தூக்க வந்துருச்சு."

சிவகுரு நிமிராமல் கேட்டார். "பேரு?"

இரவு முழுக்க அம்மாவோடு பேசி முடித்ததுதான். ஆனாலும் அந்தக் கணத்தில் ஒரு சொல் சொன்னால் போதும், வீடு தப்பிவிடும் என்று ஜெஸிந்தாவுக்குத் தோன்றியது.

"பேரு குடுக்க வரலீங்க சார். சாவி குடுக்கறோம்னு சொல்ல வந்தோம். அம்மாவுக்கு வர வேண்டியதெல்லாம் கைக்கு வந்த அன்னிக்குச் சாவி உங்க கைல இருக்கும்."

சிவகுரு இப்போது நிமிர்ந்தார். "என்ன மேரி, உம்மக சட்டம் பேசறா? பத்து நாள் டைம். அதுக்குள்ள காலி பண்ணிரணும். சரியா?"

எல்லோரும் ஆரோக்கியமேரியைப் பார்த்தார்கள். வழக்கமான அந்த ஒற்றைச் சொல்லுக்காக சிவகுரு காத்திருந்தார். ஆரோக்கியமேரி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். போட்டுக்கொண்டார். கூடையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு, எதுவும் சொல்லாமல் மலைச்சரிவில் இறங்கினார். மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. வேலை பாக்கி இருந்தது.

அம்மாவுக்கு வர வேண்டிய ஓய்வுக்காலப் பணத்தை வாங்க ஜெஸிந்தா ஆபீசுக்கு ஏறி இறங்கினாள். யூனியன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனாள். பத்து நாள் என்பது இரண்டு மாதமாக நீண்டது. அதற்குள் மின்சார இணைப்பை ஒருமுறை பிடுங்கினார்கள். கடைசியில் பணம் வந்தது, சாவி போனது.

இப்போது மூவரும் குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறையில் இருக்கிறார்கள். விடியற்காலையில் வர்க்கி ரொட்டி வேகும் வாசனை தரை வழியாக ஏறி வரும். வாடகை கனம்தான். ஜெஸிந்தா முதியோர் இல்லத்தில் கூடுதல் டூட்டி பார்க்கிறாள். வெளிநாட்டை அவள் விட்டுவிடவில்லை. ஏஜென்ட்கள் வரும்போது இன்றும் கூட்டத்துக்குப் போகிறாள். முதல் கேள்வியாக வேலை போனால் வீடு என்ன ஆகும் என்று கேட்கிறாள். மண்டபம் திரும்பிப் பார்க்கிறது. போன மாதம் ஒருவர் பதில் சொல்ல முடியாமல் திணறினார். எல்சா வேறு முதலாளியைத் தேடிக்கொண்டிருக்கிறாள், இன்னும் கிடைக்கவில்லை.

குடிவந்த வாரத்தில் ஒருநாள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. ஆரோக்கியமேரி எச்சில் கையோடு சட்டென்று எழுந்து நின்றார். கதவு திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். திறக்கவில்லை. மறுபடியும் தட்டும் சத்தம்.

"யாரு?" என்றாள் ஜெஸிந்தா.

"நாந்தானுங்க, ஊட்டுக்காரம்மா பாலாமணி. தண்ணி வருதான்னு கேக்க வந்தேன்."

ஆரோக்கியமேரி மகளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "வீடு அவங்களதுதான புள்ள? ஏன் உள்ள வராம நிக்கிறாங்க?"

"நாம தொறந்தாத்தாம்மா வர முடியும்."

ஜெஸிந்தா எழப் போனாள். அம்மா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தார். தானும் உட்கார்ந்தார். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"இரு. இன்னொருக்கா தட்டட்டும்."