பத்துக்கு இரண்டு

“இரண்டு” என்றார் அண்ணை. நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். எதிரே இருந்த மருத்துவர் எழுதிக்கொண்டார். வலியே இல்லையென்றால் பூச்சியம், தாங்கவே முடியாதென்றால் பத்து, உங்கள் வலி எவ்வளவு என்று அவர் கேட்டிருந்தார். கேள்வியையும் பதிலையும் நான் பிசகில்லாமல்தான் மொழிபெயர்த்தேன். ஆனாலும் இத்தனை வருட வேலையில் என்னைத் தூங்கவிடாமல் செய்த சொல் அந்த ஒன்றுதான்.

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் ஒரு சின்ன அலுவலகத்தில் கடிதங்களை மொழிபெயர்ப்பதும், மருத்துவமனைக்கோ அரசு அலுவலகத்துக்கோ போகிறவர்களோடு துணைக்குப் போய்ப் பேசுவதும் என் தொழில். நான் புதுச்சேரிக்காரி. அண்ணை வன்னியிலிருந்து வந்தவர், எங்கள் தெரு உணவகத்தில் சமையல்காரர். எல்லோரும் அவரை அண்ணை என்றதால் எனக்கும் அவர் அண்ணைதான். நகருக்கு வெளியே இருக்கும் ஆர்ஜொந்தெய்யிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருவார். அப்படி வந்த ஒரு காலையில், எதிரே வந்த கார் அவரைக் கவனிக்காமல் சட்டென்று இடப்பக்கம் திரும்பிப் பாதையை மறித்தது. இடது தோள் நொறுங்கியது. அறுவைச் சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். தவறு கார்க்காரருடையது என்று போலீசார் எழுதியதால், அந்தக் காரின் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தரவேண்டியிருந்தது. அதற்கு முன் காயத்தை மதிப்பிட அந்த நிறுவனம் அமர்த்திய மருத்துவர்தான் இவர்.

அண்ணை அன்று வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, முகம் மழித்து, வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போவதுபோல வந்திருந்தார். கையைத் தூக்கச் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டு காதளவுக்குத் தூக்கிக் காட்டினார். வெளியே வந்தபின் அந்தக் கையை ஜாக்கெட்டுக்குள் நுழைக்க அவரால் முடியவில்லை. நான் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன் அண்ணே ரெண்டுன்னு சொன்னீங்க?”

அவர் பொத்தானைத் தேடிக்கொண்டே சொன்னார். “பத்து எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும், தங்கச்சி. கடைசிச் சண்டைக்குள்ள பாத்தனான். அதோட வைச்சுப் பாத்தால் இது இரண்டுதான்.”

மொழிபெயர்ப்பவர் எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது எங்கள் தொழில் நெறி. அதைக் காப்பாற்றியவள் என்ற நிம்மதி அன்று எனக்குக் கிடைக்கவில்லை.

சில வாரங்களில் நிறுவனத்தின் கடிதம் வந்தது. தோளில் சிறு குறைபாடு மட்டுமே மிஞ்சியிருப்பதாகச் சொல்லி, அதற்கேற்ற சிறு தொகையை முன்வைத்திருந்தார்கள். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டபடி அண்ணை பேனாவோடு வந்து நின்றார். இதை மறுக்கவும் உரிமை இருக்கிறது, அவசரப்படாதீர்கள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. மாட்டேன் என்று எழுதினால் விசாவில் பிரச்சினை வராதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கடிதம் எழுதியது அரசு இல்லை, ஒரு வணிக நிறுவனம் என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.

பக்கத்து ஊரான சென் தெனியில் ஒரு பெண் வழக்கறிஞரிடம் அழைத்துப்போனேன். அவர் முதலில் கேட்டது அண்ணையின் சொந்த மோட்டார் சைக்கிள் காப்புறுதிப் பத்திரத்தை. பிளாஸ்டிக் பைக்குள் இருந்த அந்தப் பத்திரத்தை அதுவரை நாங்கள் யாரும் புரட்டிப் பார்த்ததில்லை. வழக்குச் செலவுக்கான பாதுகாப்பு அதில் இருந்தது. வழக்கறிஞருக்கும், நம் பக்கம் நிற்கும் மருத்துவருக்கும் ஆகும் செலவில் பெரும்பகுதியை அது ஏற்கும். அடுத்த பரிசோதனையில் இரு பக்க மருத்துவர்களும் சேர்ந்து பார்ப்பார்கள் என்றும், அப்போதும் ஒத்துவராவிட்டால் நீதிமன்றத்திடம் ஒரு மருத்துவரைக் கேட்கலாம் என்றும் வழக்கறிஞர் சொன்னார். எண் சொல்லவேண்டாம், ஒரு நாள் எப்படிப் போகிறதென்று சொல்லுங்கள் என்று அனுப்பினார்.

இரண்டாவது பரிசோதனையில் எங்கள் பக்க மருத்துவர் கேட்டார்: காலையில் முன்பு செய்துவந்து இப்போது முடியாதது என்ன? அண்ணை குசினியைப் பற்றி, பெரிய சோற்றுப்பானையைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன்.

“மனிசி விடியவே துப்பரவு வேலைக்குப் போயிடுவா. பிள்ளைக்கு நான்தான் தலை பின்னி விடுறனான். இப்ப கை அவ்வளவு நேரம் மேல நிக்குதில்லை. போன மாசம் பிள்ளை தானே கேட்டு முடியைக் கட்டையா வெட்டிட்டா.”

நான் அதைப் பிரெஞ்சில் சொல்லி முடித்தேன். நிறுவனத்து மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டார். ஒன்பது என்றார் அண்ணை. பிறகு, முதல்முறை வலி இரண்டு என்றீர்களே என்று அந்த மருத்துவர் நினைவூட்டினார். அண்ணை என்னிடம் அன்று வெளியில் சொன்னதை இப்போது அவரிடமே சொன்னார். ஒரு சொல்லும் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன்.

புதிய அறிக்கை வேறுமாதிரி வந்தது. தோள் முழுமையாகத் திரும்பாது, பாரம் தூக்கும் வேலை கூடாது, அன்றாட வாழ்க்கையில் பிறர் உதவி வேண்டும் என்று இரு மருத்துவர்களும் ஒப்புக்கொண்டார்கள். வழக்கறிஞர் அதை வைத்து எழுதினார், நிறுவனம் இறங்கிவந்து தொகையைக் கூட்டியது, நீதிமன்றம்வரை போகாமல் முடிந்தது. கையெழுத்திட்டபிறகும் மனம் மாறப் பதினைந்து நாள் உண்டு என்று வழக்கறிஞர் சொன்னபோது, இனி மாற என்ன இருக்கிறது என்று அண்ணை சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோசம் பாதிதான். பத்து வருடத்துக்கும் மேலாக நின்ற அடுப்புக்கு அவர் திரும்பப் போகவில்லை. இன்று அதே உணவகத்தில் கல்லாவில் உட்கார்ந்து ஓர்டர் எழுதுகிறார்.

இப்போதெல்லாம் யாரையாவது பரிசோதனைக்கு அழைத்துப்போனால், அங்கே எதை எப்படிச் சொல்வதென்று முந்தின நாளே வழக்கறிஞரையோ அவர்கள் பக்க மருத்துவரையோ கேட்டு வரச் சொல்கிறேன். அறைக்குள் போனபின் நான் வெறும் நாக்குத்தான்.

போன வாரம் குளிரில் நடந்துபோய் அந்த உணவகத்துக்குள் நுழைந்தேன். அண்ணை வலக்கையால் தேநீரை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“நோகுது, தங்கச்சி. இண்டைக்குக் கொஞ்சம் கூடத்தான்” என்றார்.

நான் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.