நிற்காத லாட்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் பார்த்து அனுப்புவது என் வேலை. மடித்து, நகத்தால் கீறிப் பார்த்து, சரியில்லை என்றால் அந்த சாம்பிள் தோலில் HOLD என்று சில்வர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதிவிடுவோம். கம்ப்யூட்டரில் ஏற்றும்போதும் அதே பழக்கம்தான். கேப்ஸ் லாக்கை அணைக்கவே மாட்டோம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. எங்கள் செக்‌ஷனில் பாதிப் பேர் வீட்டில் பேசும் உருதுவிலும் கிடையாது. யாருக்கு அது உறுத்தும்?

பழைய சாஃப்ட்வேர் HOLD என்று எப்படி அடித்தாலும் லாட்டை, அதாவது ஒன்றாக வந்த அந்தத் தோல் கட்டு முழுவதையும், நிறுத்திவிடும். பிறகு புதுசு ஒன்று போட்டார்கள். சில மாதம் கழித்து, நான் நிறுத்திய லாட் ஒன்று ஷூவாகி வெளிநாடு போய், சாயம் உரிகிறது என்று திரும்பி வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஹோல்டு போடலியாம்மா?"

"போட்டேன் சார்."

அவர் தேடும் கட்டத்தில் hold என்று சின்ன எழுத்தில் அடித்தார். என் லாட் வரவில்லை. நானே திரையை உருட்டி, அந்த லாட்டைக் கண்டுபிடித்து, நான் அடித்திருந்ததைக் காட்டினேன்.

"ஷூ திரும்பி வந்தப்புறம் போட்டிருப்பீங்க" என்றார்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வேலை இருந்தால்தான் இ.எஸ்.ஐ. அட்டை, அட்டை இருந்தால்தான் அவருக்கு டயாலிசிஸ். கர்த்தரே, இந்த ஒரு தடவை கைவிடாதேயும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே, கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணைக் கையோடு இழுத்து வந்தேன்.

கட்டிங் செக்‌ஷனுக்கு எந்த லாட் போகலாம் என்று முடிவு செய்யும் வரியை அவள் திறந்தாள். hold-க்குச் சமமில்லாத எல்லாம் போகலாம் என்று அதில் இருந்தது. சமமில்லை என்பதற்கு ஒரு ஆச்சரியக்குறியும் ஒரு சமக்குறியும்.

"அக்கா, இந்தக் குறி பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேற வேறன்னு பாக்கும். நீங்க பெருசுல அடிச்சிருக்கீங்க. அது வேற வார்த்தைன்னு வுட்டுடுச்சி."

"இன்னாம்மா இது, ரெண்டும் ஹோல்டுதானே!" என்று கத்தியே விட்டேன்.

அவள் சமக்குறியை எடுத்துவிட்டு அங்கே ஒரு நெளிகோடு போட்டாள். அது பெருசு சின்னது பார்க்காதாம். உடனே என் லாட், போகலாம் என்ற பட்டியலிலிருந்து மறைந்தது. கூடவே மற்றவர்கள் நிறுத்தியிருந்த லாட்டுகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. தப்பித்தேன் என்று நினைத்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

மேனேஜர் சிரிக்கவில்லை. அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சிஸ்டம் தப்புன்னு சொன்னா, அது வந்ததுலேர்ந்து போன சரக்கு எல்லாத்தையும் பையர் திருப்பி அனுப்பிடுவான். கம்பெனியே நிக்காது. ஆளோட தப்புன்னா இந்த ஒரு லாட்டோட முடிஞ்சிடும்மா."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் எங்கே என்று கண்ணால் பார்த்தவரே பழியை என் தலையில் வைத்தார். அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். என் கணவரின் நிலைமையைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்.

வெளியே வந்தபோது அந்தப் பெண் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"இனிமே நீங்க எப்படி அடிச்சாலும் நிக்கும்க்கா" என்றாள்.